முடி கொட்டும் நாய்க்கு எந்தச் சீப்பு: ஒன்பது கருவிகளை ஒப்பிட்டுப் பார்த்த கதை

எங்கள் வீட்டு லாப்ரடார் மீனுவுக்கு இப்போது ஏழு வயது. அவளுடைய முடியை வாருவதற்கென்று இந்த ஏழு ஆண்டுகளில் ஒன்பது கருவிகள் வாங்கியிருக்கிறேன்; இன்று கையில் எடுப்பவை நான்கு மட்டுமே. மீதி ஐந்தில் மூன்று பரணில் கிடக்கின்றன, ஒன்று கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா வீட்டு ஜெர்மன் ஷெப்பர்டுக்குப் போய் அங்கே நன்றாக உழைக்கிறது, மற்றொன்று மீனுவின் தோலைப் புண்ணாக்கிய நாளிலிருந்து அவள் பக்கமே கொண்டுபோகப்படுவதில்லை. புதிதாக நாய் வளர்ப்பவர்கள் "எதை வாங்கலாம்?" என்று கேட்கும்போதெல்லாம் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாமல் போவதால், இந்த ஒன்பதையும் ஓர் ஒழுங்கில் ஒப்பிட்டு எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கடையில் தொங்கும் அட்டைகளில் பெரும்பாலானவை "முடி உதிர்வைக் குறைக்கும்" என்றே சொல்கின்றன. எந்தச் சீப்பும் முடி உதிர்வைக் குறைக்காது. உதிரப்போகும் முடி உதிர்ந்தே தீரும். அது சோபாவில் விழுவதா, சாம்பார்க் கிண்ணத்தில் விழுவதா, அல்லது நாம் உட்கார்ந்து வாரும் பத்து நிமிடத்தில் கருவியோடு வருவதா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. இதை ஏற்றுக்கொண்டால், ஒரே இழுப்பில் எவ்வளவு முடி வருகிறது என்பதைக் காட்டி விற்கப்படும் விளம்பரப் படங்களின் மீதான மயக்கம் பாதி குறைந்துவிடும். மீதி மயக்கம் எனக்கு எப்படித் தெளிந்தது என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் முடியைப் பற்றி. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி, நம் ஊரில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் ஸ்பிட்ஸ் ஆகிய எல்லாவற்றுக்கும் முடி இரண்டு அடுக்காக இருக்கிறது. மேலே தெரிவது விறைப்பான, பளபளப்புள்ள மேல்முடி; நீரையும் வெயிலையும் முள்ளையும் தாங்குவது இதுதான். அதை விலக்கிப் பார்த்தால் அடியில் பஞ்சு போல மெல்லிய, அடர்ந்த அடிமுடி தெரியும். வீட்டில் மூலைக்கு மூலை உருண்டு திரியும் முடிப்பந்தின் பெரும்பகுதி இந்த அடிமுடிதான். மனிதத் தலையில் எந்த நேரத்திலும் பெரும்பாலான மயிர்க்கால்கள் வளரும் நிலையில் இருக்கின்றன. பூடில் நாயிலும் ஏறக்குறைய அப்படியே. லாப்ரடார் போன்ற இனங்களில் கணிசமான மயிர்க்கால்கள் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வு நிலையில் இருந்து, அடுத்த முடி முளைக்கும்போது பழையதைக் கழற்றிவிடுகின்றன. நியூபவுண்ட்லாந்துக் கடற்கரையின் குளிர்நீரில் மீனவர்களோடு வேலை செய்த நாய்களின் வழிவந்த இனத்துக்கு இத்தகைய இரட்டைக் கம்பளி தேவைப்பட்டது. அதைச் சென்னை வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் வளர்ப்பது நாம் செய்த தேர்வு.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் கருவிகளைப் பற்றிய வெளிநாட்டு மதிப்புரைகளை நம்பி நான் ஏமாந்தது இதனால்தான். முடி உதிரும் பருவத்தை முக்கியமாக நிர்ணயிப்பது பகலின் நீளம். லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்பது மணி நேரத்தை நெருங்குகிறது. சென்னையில் அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். குளிர்நாடுகளில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அடிமுடி மொத்தமாகக் கழன்று விழுகிறது, நடுவில் ஓரளவு ஓய்வு கிடைக்கிறது. நம் ஊரில் பகல் பெரிதாக மாறுவதில்லை, போதாக்குறைக்கு இரவு பதினொரு மணி வரை வீட்டில் டியூப்லைட் எரிகிறது. எனவே தனிப் பருவம் என்று ஒன்று தெளிவாக அமையாமல் ஆண்டு முழுவதும் தூறல் போல முடி கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை வரும் வெள்ளத்துக்காகச் செய்யப்பட்ட பலமான கருவியைவிட, தினசரித் தூறலைச் சமாளிக்கும் மென்மையான கருவி இங்கே அதிகம் பயன்படுகிறது என்பதே என் அனுபவம்.

தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனிதனின் மேல்தோலில் பத்து முதல் பதினைந்து அடுக்குச் செல்கள் இருக்கின்றன என்றால், நாய்க்கு முடி மூடிய இடங்களில் மூன்று முதல் ஐந்து அடுக்குகளே இருக்கின்றன. அடர்ந்த முடியைப் பார்த்து அடியில் தடித்த தோல் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். ஒரே இடத்தில் கம்பிப் பிரஷை இருபது முறை இழுத்தால் அந்தத் தோல் சிராய்ந்து சிவந்துபோகும். நாய் அந்த நேரத்தில் முனகக்கூட முனகாது, மறுநாள் அந்த இடத்தை நக்கத் தொடங்கும்போதுதான் நமக்குத் தெரியவரும்.

நான் மயங்கி வாங்கிய கருவி, உதிர்முடி எடுக்கும் பிளேடுக் கருவி. ஒரு கைப்பிடி, அதன் முனையில் முடிவெட்டும் கிளிப்பரின் பிளேடு போல நெருக்கமான, குட்டையான எஃகுப் பற்கள். தொழில்முறையில் நாய்களுக்கு முடி திருத்துபவர்கள் கிளிப்பரிலிருந்து கழற்றிய பிளேடைக் கையில் பிடித்து நாயின் முடிமீது இழுத்து அடிமுடியை எடுப்பது பழைய வழக்கம். அமெரிக்காவில் ஆஞ்சி போர்ட்டர், டேவிட் போர்ட்டர் என்ற தம்பதியர் அந்தப் பிளேடுக்கு ஒரு கைப்பிடி பொருத்தி ஃபர்மினேட்டர் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். இன்று அதே அமைப்பில் எத்தனையோ நிறுவனங்களின் கருவிகள் சந்தையில் கிடைக்கின்றன. நான் வாங்கியது பெயர் சொல்லத் தேவையில்லாத ஒன்று. முதல் ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் உட்கார்ந்து வாரியபோது, ஒரு தலையணை உறையை நிரப்பும் அளவுக்கு முடி வந்தது. அந்தத் திருப்தி பொல்லாதது. நாற்பது நிமிடம் வாரினேன். அடுத்த ஞாயிறும் அதையே செய்தேன். இடையில் புதன்கிழமையும் கொஞ்சம். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, அதுவும் சில நிமிடங்கள் மட்டும் என்று பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருந்த குறிப்பை இரண்டு மாதம் கழித்துத்தான் படித்தேன்.

அதற்குள் மீனுவின் இடுப்புப் பகுதியில் முடி மங்கி, எலி கடித்தது போல ஏற்ற இறக்கமாகத் தெரிந்தது. தோலில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பு. தோல்நோயாக இருக்கும் என்று பயந்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் அந்த இடத்திலிருந்து நாலைந்து முடிகளைப் பிடுங்கி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெயில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, என்னையும் பார்க்கச் சொன்னார். தானாக வளர்ந்த முடியின் நுனி மூங்கில் குருத்து போலக் கூம்பிச் செல்லும். நான் பார்த்த முடிகளில் பாதிக்கு நுனியே இல்லை, அரிவாளால் சீவிய கரும்பு போல மொட்டையாக இருந்தன. "நோய் ஒன்றும் இல்லை, என்ன சீப்பு வைத்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நான் உதிர்முடி என்று நினைத்து மகிழ்ந்த குவியலில் நல்ல மேல்முடியும் நறுக்கப்பட்டு வந்திருந்தது.

அன்றிலிருந்து எந்தக் கருவியையும் நான் மதிப்பிடும் முறை மாறியது. எவ்வளவு முடி வந்தது என்று பார்ப்பதில்லை, எந்த முடி வந்தது என்று பார்க்கிறேன். இதற்கு மைக்ராஸ்கோப் தேவையில்லை. வந்த முடியில் ஒரு சிட்டிகையைக் கறுப்புத் துணிமீதோ, மீனுவைப் போல வெளிர்நிறமாக இல்லாத நாய் என்றால் வெள்ளைத் தாள்மீதோ பரப்பி, செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். தானாகக் கழன்ற முடியின் ஒரு முனை கூர்ந்தும், மறுமுனை வேர்ப்பக்கம் மிகச் சிறிய குமிழ் போலவும் இருக்கும். நீளமும் நாயின் உடலில் உள்ள முடியின் நீளத்தோடு ஒத்துப்போகும். குட்டையான, விறைப்பான, இரு முனையும் ஒரே தடிமனான துண்டுகள் நிறைய இருந்தால் கருவி வாரவில்லை, வெட்டுகிறது. பஞ்சு போன்ற அடிமுடி பெரும்பான்மையாகவும் மேல்முடி அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் இருந்தால் கருவி தன் வேலையைச் செய்கிறது. புதிதாக எதை வாங்கினாலும் முதல் நாள் ஐந்து நிமிடம் மட்டும் வாரிவிட்டு இந்தச் சோதனையைச் செய்துபாருங்கள்.

பிளேடுக் கருவியை முற்றாகக் குறை சொல்வதும் நியாயம் ஆகாது. காய்ந்த, சிக்கில்லாத முடியில், எடையே இல்லாமல், ஓர் இடத்தில் மூன்று நான்கு இழுப்புக்கு மேல் போகாமல் பயன்படுத்தத் தெரிந்தவர் கையில் அது பயனுள்ள கருவிதான். ஆனால் வேலையை எப்போது நிறுத்துவது என்பதை அது நமக்குச் சொல்வதில்லை என்பதே அதன் குறை. உதிர்முடி தீர்ந்த பின்னும் அது வெட்டிய முடியைத் தந்துகொண்டே இருக்கும், நாமும் இன்னும் வருகிறதே என்று இழுத்துக்கொண்டே இருப்போம்.

அதன் இடத்தைப் பிடித்தது அண்டர்கோட் ரேக் எனப்படும் அடிமுடி வாரி. தோட்டத்தில் சருகு வாரும் கருவியின் குட்டி வடிவம். இடைவெளி விட்டு நிற்கும் உருண்ட எஃகுப் பற்கள் ஒரு வரிசையாகவோ இரண்டு வரிசையாகவோ இருக்கும், சிலவற்றில் பற்கள் தம் அச்சில் சுழலும். பல் மேல்முடிக்கு இடையே புகுந்து அடிவரை சென்று, ஏற்கெனவே கழன்று சிக்கி நிற்கும் பஞ்சை மட்டும் அள்ளிக்கொண்டு வருகிறது. வெட்டும் விளிம்பு இல்லாததால், உதிர்முடி தீர்ந்ததும் கருவி வெறுமனே வழுக்கிக்கொண்டு போகும். நிறுத்த வேண்டிய நேரம் கைக்கே தெரிந்துவிடும். பிளேடுக் கருவி தரும் குவியலில் பாதிகூட இது தருவதில்லை என்பதால் முதல் வாரம் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதத்தில் இடுப்பு முடி பழைய பளபளப்புக்குத் திரும்பியது.

வாரியை வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கடையிலேயே சரிபார்க்க வேண்டும். ஒன்று, பல்லின் நீளம். நாயின் இடுப்புப் பக்கத்தில் முடியை விலக்கி, பள்ளிக்கூட ஸ்கேலைத் தோலைத் தொடும்வரை நிறுத்தி முடியின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். பல் அதைவிடச் சற்று நீளமாக இருந்தால் போதும். மீனுவுக்கு ஒன்றரை சென்டிமீட்டரே வந்தது. அக்கா வீட்டு ஷெப்பர்டுக்குத் தொடைப் பின்பக்கம் ஐந்தைத் தொட்டது. அளவுக்கு மீறி நீண்ட பல் தோலைக் குத்தும், குட்டையான பல் மேல்முடியை மட்டும் தடவிவிட்டு வரும். இரண்டாவது, வளைந்த பல்லின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சிக்கு அறுப்பதற்கென்று உட்பக்கம் கத்தி போலத் தீட்டப்பட்ட வாரிகளும் இருக்கின்றன, அவையும் ரேக் என்ற அதே பெயரில் அதே கொக்கியில் தொங்குகின்றன. சடைபிடித்த நாய்க்கு அது தேவைப்படலாம்; லாப்ரடாருக்கு அதை வாங்கினால் பிளேடுக் கருவியின் கதையே திரும்பும்.

தினசரி வேலைக்கு என்று கேட்டால், நான் ரப்பர் பிரஷைத்தான் முதலில் சொல்வேன். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, மழுங்கிய கூம்பு கூம்பான ரப்பர் பற்கள், சில நூறு ரூபாய் விலை. உராய்வினால் மேலாகத் தளர்ந்திருக்கும் முடியை உருட்டி எடுக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் வெட்டாது, குழந்தைகள் கையிலும் பயமின்றிக் கொடுக்கலாம். மீனுவுக்கு மாலையில் நடைக்குப் போய் வந்ததும் மூன்று நிமிடம். குளிப்பாட்டும்போது ஷாம்பு நுரையோடு சேர்த்துத் தேய்த்தால் இன்னும் அதிகமாக வரும், ஆனால் குளியலறைச் சாக்கடை வாயில் ஒரு வலைத்தட்டு போட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. பிளம்பருக்குக் கொடுத்த காசில் இன்னும் இரண்டு பிரஷ் வாங்கியிருக்கலாம். காசு மிச்சம் என்று பீர்க்கங்காய் நாரை ஒருமுறை முயன்றுபார்த்தேன். முடியை நன்றாகவே பிடித்தது. பிடித்ததை விடத்தான் மறுத்தது.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு இனங்களை வளர்ப்பவர்களுக்கு ரப்பர் பிரஷ் ஒன்றே போதும் என்று துணிந்து சொல்வேன். இவற்றின் முடி குட்டையானது, உடலோடு ஒட்டிக் கிடப்பது. வாரி எடுக்க அடியில் பஞ்சு கிடையாது. முடி கொட்டுகிறது என்பதற்காக இவற்றின்மீது அடிமுடி வாரியையோ பிளேடையோ போட்டால் கருவிக்குச் சிக்குவது தோல்தான். ராஜபாளையத்தின் வெள்ளை முடிக்கு அடியில் இளஞ்சிவப்பாகத் தெரியும் அந்தத் தோலைப் பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ரப்பர் புள்ளிகள் வைத்த கையுறை இதே வேலையைப் பாதித் திறனோடு செய்கிறது. பிரஷ் என்றாலே ஓடும் நாயைப் பழக்குவதற்கு உதவும், அவ்வளவுதான். குண்டூசி முனைபோல் உருண்டை வைத்த ‘பின்’ (pin) பிரஷும், பன்றிமுடிப் பிரஷும் லாப்ரடாரின் அடிமுடியை எட்டுவதே இல்லை. இந்த மூன்றும்தான் பரணில் இருப்பவை.

அக்கா வீட்டுக்குப் போனது ஸ்லிக்கர் பிரஷ்: சதுரமான மெத்தைமீது நெருக்கமாக நட்ட, நுனி வளைந்த மெல்லிய கம்பிகள். நீண்ட முடியில் சிக்கு எடுப்பதில் இதற்கு இணை இல்லை. ஷெப்பர்டின் பின்தொடை, கோல்டன் ரெட்ரீவரின் வால், ஸ்பிட்ஸின் கழுத்து ஆகிய இடங்களில் முடியை ஒரு கையால் மேல்நோக்கி விலக்கி, அடியிலிருந்து ஒவ்வொரு வரிசையாகக் கீழே விட்டு வார வேண்டும். மேலாக வாரினால் மேலே பட்டுப் போலவும் அடியில் சிக்குப் பிடித்த கம்பளியாகவும் இருக்கும். மீனுவின் குட்டை முடியில் கம்பி நேராகத் தோலுக்குப் போய்விடுகிறது என்பதால்தான் எங்கள் வீட்டில் அது நிலைக்கவில்லை. வாங்குவதற்கு முன் உங்கள் முன்கையின் உட்புறத்தில் நாலு முறை இழுத்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தால் வேறு பிரஷை எடுங்கள். சென்னைக் கடற்காற்றில் மலிவான ஸ்லிக்கரின் கம்பி ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடிக்கிறது, கோவையில் அதே பிரஷ் நாலாவது ஆண்டாக நன்றாக இருக்கிறது.

எஃகுச் சீப்பை நான் முடி எடுக்கும் கருவியாகக் கருதுவதில்லை. பாதி நீளத்துக்கு அகலப் பற்களும் மீதிக்கு நெருக்கப் பற்களும் கொண்ட இந்தச் சீப்பு, மற்றக் கருவிகள் செய்த வேலையைச் சோதிக்கும் மேஸ்திரி போன்றது. வாரி முடித்ததும் தோல்வரை விட்டு இழுத்தால், தடையின்றி வந்தால் வேலை முடிந்தது. எங்காவது நின்றால் அங்கே பஞ்சு மிச்சம் இருக்கிறது. இதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. நம் ஊர் வெப்பத்தில் உண்ணிக்குப் பருவம் என்று ஒன்று இல்லை, உண்ணியால் வரும் காய்ச்சல் நாயின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். வாரியையோ பிரஷையோ எடுப்பதற்கு முன் காதின் அடி, கழுத்துப்பட்டைக்குக் கீழ், அக்குள், விரலிடுக்கு ஆகிய இடங்களில் விரலாலும் சீப்பாலும் தடவிப் பார்த்துவிடுகிறேன். கடித்துப் பிடித்திருக்கும் உண்ணிமீது வாரிப் பல்லை இழுத்தால் உடல் பிய்ந்து வாய்ப்பகுதி தோலுக்குள்ளேயே தங்கிவிடும். வீட்டில் கிடக்கும் பேன் சீப்பை இதற்குப் பயன்படுத்தலாமே என்று என் மாமியார் கேட்டார். இரட்டை அடுக்கு முடியில் அது ஓர் அங்குலம்கூட நகராது என்பதை அவரே பார்த்துவிட்டு எடுத்து வைத்துக்கொண்டார்.

கடைசியாக வாங்கியதும் விலை அதிகமானதும் புளோயர். நாய்களுக்கென்று செய்யப்பட்ட இது மனிதர்களின் ஹேர் டிரையர் அல்ல. டிரையர் சூட்டினால் உலர்த்துகிறது, புளோயர் காற்றின் வேகத்தால் நீரை உதறித் தள்ளுகிறது. அந்த வேகத்தில் அடிமுடியும் கழன்று பறக்கிறது. எந்தப் பல்லும் தோலைத் தொடாமல் இவ்வளவு அடிமுடியை எடுக்கக்கூடிய கருவி வேறு இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில் நனைந்து வரும் லாப்ரடாரின் அடிமுடி துண்டால் துடைத்தால் ஒரு நாள் முழுவதும் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில்தான் நாற்றமும் பூஞ்சையும், ஒரே இரவில் கையகலத்துக்குப் பரவும் ஈரப்புண்ணும் வருகின்றன. மீனுவுக்கு இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து அந்தப் புண் வந்த பிறகே புளோயர் வாங்க மனம் வந்தது.

ஆனால் வாங்குவதற்கு முன் வீட்டைப் பார்க்க வேண்டும். 2400 வாட் புளோயர் 230 வோல்ட்டில் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். செல்போன் சார்ஜர் செருகும் சிறிய பிளக்கில் போட்டால் பிளக் உருகும், கீசருக்கும் ஏசிக்கும் போட்டிருக்கும் பெரிய பிளக் பாயின்ட் வேண்டும். ஈரமான தரையில் நின்றுகொண்டு ஓட்டக் கூடாது. முடி வீடெங்கும் பனி போலப் பறக்கும் என்பதால் கதவடைத்த அறையோ மொட்டைமாடியோ தேவை, முகத்துக்கு மாஸ்க்கும் தேவை. சத்தம் மிக்சியைவிட அதிகம். முதல் வாரம் புளோயரை ஓட்டாமல் பக்கத்தில் வைத்துச் சாப்பாடு போட்டேன். அடுத்த வாரம் அடுத்த அறையில் ஓடவிட்டேன். மூன்றாம் வாரம்தான் பின்னங்காலில் மெல்லிய வேகத்தில் தொடங்கினேன். முகத்திலும் காதிலும் அடிக்கவே கூடாது. இந்தப் பொறுமை இல்லாதவருக்குப் புளோயர் வீண்செலவு. மாதம் ஒருமுறை நாய்ச் சலூனுக்கு அழைத்துச் சென்று குளியலும் புளோயரும் மட்டும் போட்டு வருவது அதைவிட நல்ல ஏற்பாடு. எங்கள் பகுதிச் சலூனுக்குக் கொடுத்துவந்த தொகையை வைத்துக் கணக்கிட்டால் புளோயரின் விலை எங்களுக்கு ஏழாவது மாதத்தில் திரும்பியது.

சலூனுக்குப் போனால் வெயில் காலத்தில் "மொட்டை போட்டுவிடலாமா? முடி கொட்டாது, நாய்க்கும் குளிர்ச்சி" என்று கேட்பார்கள். இரண்டுமே சரியல்ல. மயிர்க்கால்கள் தம் சுழற்சியை நிறுத்துவதில்லை என்பதால் முடி கொட்டிக்கொண்டேதான் இருக்கும். நீண்ட முடிக்குப் பதிலாக ஊசி போன்ற குட்டை முடி விழுந்து மெத்தைத் துணியில் குத்தி நிற்கும், துடைப்பத்துக்கு வராது. நாய் உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்வதில்லை, மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கிறது. மேல்முடியை எடுத்துவிட்டால் வெயில் நேராகத் தோலில் விழும். ஹஸ்கி போன்ற வடதுருவ இனங்களில் மழித்த முடி மாதக் கணக்கில் திரும்ப வளராமலே நின்றுவிடுவதும் உண்டு. புண்ணுக்கு மருந்து போடவோ, பிரிக்க முடியாத சடையை எடுக்கவோ மருத்துவர் மழிக்கச் சொல்வது வேறு விஷயம்.

சில நேரங்களில் எந்தக் கருவியும் பதில் ஆகாது. வட்ட வட்டமாகச் சொட்டை விழுவது, இரு விலாப்புறமும் ஒரே மாதிரி முடி குறைவது, ஓயாத சொறி, பொடுகு, எண்ணெய்ப் பிசுக்கு நாற்றம் ஆகியவை படை, சொறிப்பூச்சி, தைராய்டு குறைபாடு போன்றவற்றின் அடையாளமாக இருக்கக்கூடும். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காட்டலாம். 1903இல் தொடங்கிய கல்லூரி, பயிற்சியும் மருத்துவமும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. குட்டி போட்ட தாய்நாய்க்கு ஓரிரு மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டுவது மட்டும் பெரும்பாலும் இயல்பானது. தீனி சரியாக இருந்தால் தானாகத் திரும்பி வரும்.

ஆகவே லாப்ரடார் வைத்திருந்து, கையில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் ரப்பர் பிரஷும் எஃகுச் சீப்பும் முதலில். அடுத்த மாதம் குட்டைப் பல் வாரி. ஷெப்பர்டு, கோல்டன், ஸ்பிட்ஸ் வைத்திருப்பவர்கள் ரப்பர் பிரஷை விட்டுவிட்டு ஸ்லிக்கர், சீப்பு, நீளப் பல் வாரி என்று தொடங்கலாம். மழைக்காலத்துக்கு முன் இடமும் பெரிய பிளக்கும் இருந்தால் புளோயர். எங்கள் வீட்டில் தினமும் மாலை ரப்பர் பிரஷ் மூன்று நிமிடம், ஞாயிறு காலையில் வாரி பத்து நிமிடம், முடிவில் சீப்பால் ஒரு சோதனை, மாதம் ஒருமுறையோ மழையில் நனைந்த நாளிலோ புளோயர் என்று ஓடுகிறது. முன்பு காலையில் இரண்டு முறை பெருக்க வேண்டியிருந்த கூடத்தை இப்போது ஒருமுறை பெருக்கினால் போதுமானதாக இருக்கிறது. கறுப்புப் பேன்ட் அணிவதை மட்டும் இன்னும் தொடங்கவில்லை.

பிளேடுக் கருவியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. வாசலில் மீனு படுத்துக் கிடக்கும் தேங்காய்நார் மிதியடியில் ஏறிக்கொள்ளும் முடியைச் சுரண்டி எடுக்க அதைத்தான் வைத்திருக்கிறோம்; அந்த வேலையை அது மிக நன்றாகச் செய்கிறது.